கடதாசியில் ஒரு தாரை விமானம்

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறி எழுவைதீவை அடைவோர் கண்ணில் முதலிற் படுவன பனைகளே. அப்பனையின் ஓலையைக் கிழித்து மடித்துக் காற்றாடி செய்யாத பிள்ளை அத்தீவில் அரியன். தட்டையான ஓர் ஓலை சில மடிப்புகளால் காற்றை ஏற்றுச் சுழலும் உருவமாகின்றது. அவ்விளையாட்டிலுள்ள கேத்திரகணிதமே கடதாசியாற் போர்விமானத்தின் மாதிரியுரு அமைக்கும் கலைக்கும் அடிப்படையாகும். அக்கலையை மாணவர் முறையாகப் பயிலும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக, இந்தியாவில் உருவான தேஜஸ் என்னும் தாரை விமானத்தைக் கொள்வோம். இது 2001 ஜனவரி 4ஆம் நாள் பெங்களூரில் முதன்முறை பறந்தது. கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் இதனைக் கொண்ட படைப்பிரிவுகள் நிலைகொண்டன. இதன் நீளம் 13.2 மீற்றர், சிறககலம் 8.2 மீற்றர், உயரம் 4.4 மீற்றர்.

கடதாசி மாதிரியுருவுக்குப் பெரிதும் வழங்கும் அளவிடை 1:33 ஆகும். அதன்படி நீளம் சரியாக 40 சென்ரிமீற்றராகும்; சிறககலம் ஏறத்தாழ 24.8 சென்ரிமீற்றராகும். நீளம் 33இல் ஒரு பங்காகும்போது பரப்பு 33இன் வர்க்கமாகிய 1,089இல் ஒரு பங்காகவும், கனவளவு 35,937இல் ஒரு பங்காகவும் குறைதலை மாணவர் கருதல் வேண்டும். மெய்விமானத்தின் சிறகுப் பரப்பு 38.4 சதுர மீற்றர். மாதிரியுருவில் அது ஏறத்தாழ 353 சதுர சென்ரிமீற்றர். வாய்பாடாக மனனஞ் செய்த விதி இங்கே கைக்கு எட்டும் பொருளாகின்றது.

தாளை வளைக்கலாம், நீட்ட இயலாது. உருளையையும் கூம்பையும் கிழியாமல் தட்டையாக விரிக்கலாம். கோளத்தை அவ்வாறு விரித்தல் ஒருபோதும் இயலாது. ஆதலால் இரு திசையிலும் வளைந்த விமானவுடலைப் பல வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கூம்பின் அடிக்கண்டமாகக் கொண்டு விரித்து வரைதல் வேண்டும். மூக்குப் பகுதி முழுக் கூம்பெனக் கொள்க. அடியின் ஆரை 1.5 சென்ரிமீற்றரும் சாயுயரம் 9 சென்ரிமீற்றரும் ஆயின், விரிந்த ஆரைச்சிறையின் கோணம் 1.5ஐ 9ஆல் வகுத்து 360ஆற் பெருக்க வரும் 60 பாகையாகும்.

இனிச் செய்முறை. உடலுக்குச் சதுர மீற்றருக்கு 160 கிராம் நிறையுடைய தாள் போதும். உள்ளே நிறுத்தும் குறுக்குத் தட்டுகளுக்கு ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள அட்டை வேண்டும். தாளுக்கு நார்த்திசை உண்டு. அத்திசை வளையத்தின் அச்சுக்குச் சமாந்தரமாக அமைந்தால் தாள் இணங்கி வளையும். குறுக்கே அமைந்தால் மடிந்து நெரியும். வெட்டு முன் மடிப்புக் கோடுகளை முனைமழுங்கிய ஊசியாற் கீறிக்கொள்க. வெட்டிய துண்டைத் தடித்த பின்னலூசியில் உருட்டி வளைத்த பின்னரே ஒட்டுக. தாளின் தடிப்பு 0.2 மில்லிமீற்றராயின், குறுக்குத் தட்டின் ஆரையை அவ்வளவு குறைத்தே வெட்டல் வேண்டும். இதனை மறந்தால் வளையத்தின் வாய் பொருந்தாது. வெட்டிய விளிம்பில் தெரியும் வெண்மையை உரிய வர்ணத்தாற் பூசி மறைக்க.

தீவகத்தாருக்கு வேறோர் எச்சரிக்கையும் உண்டு. கடற்காற்றின் ஈரம் தாளை ஊறச்செய்யும். சோற்றுப்பசை தாளை நனைத்து நெளிக்கும். வெண்பசையைக் குச்சி நுனியால் மெல்லத் தொட்டு இடுதலே நன்று. பணி முடிந்ததும் மெல்லிய வார்னிஷ் பூசினால் உரு நெடுநாள் நிற்கும்.

பிழை நுழையும் வாயில் எதுவெனில், "அரை மில்லிமீற்றர்தானே" என்னும் அலட்சியம். உடல் பத்து வளையங்களால் ஆனதாயின், ஒவ்வொன்றிலும் ஒரே பக்கம் நேர்ந்த அரை மில்லிமீற்றர் வழு ஈற்றில் ஐந்து மில்லிமீற்றராகும். மெய்விமானத்தில் அது 16 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கோணல். ஆகவே, ஒவ்வொரு வளையத்தையும் ஒட்டு முன் மையக்கோட்டை நோக்குதல் வேண்டும். பிழையுள்ள வளையத்தை அடுத்த வளையத்தால் திருத்த முயலாது, அதனையே நீக்கி வேறு வெட்டுதல் நேரிய வழி.

சிறகை அமைக்கும்போது, இவ்விமானத்திற்கு வாலில் கிடைச் சிறகு இல்லை என்பது புலனாகும். முக்கோணச் சிறகின் பின்விளிம்புத் தகடுகளே உயர்த்தல், சாய்த்தல் ஆகிய இரு தொழிலையும் ஆற்றுகின்றன. விரைந்து திரும்பும் பொருட்டு இயல்பான உறுதிநிலை குறைத்து வகுக்கப்பட்டமையால், கணினி இடையறாது திருத்தியே இதனைப் பறக்க வைக்கின்றது.

இவ்விடத்து ஒரு வினா எழும். 1990ஆம் ஆண்டுகளில் தாரை விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை நம்முடையது. அவ்விமானத்தையா நம் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வது எனப் பழைய மாணவர் சிலர் முகஞ்சுளிக்கலாம். அவ்வருத்தம் நியாயமானதே, எழுதும் எனக்கும் அது உண்டு. ஆயினும், அஞ்சியதை அறியாது விடுதல் அச்சத்தை நீக்காது. ஓசையாக மட்டும் நாம் கண்ட ஒன்றை, நம் பிள்ளைகள் உறுப்புறுப்பாக அறிந்து, அதற்குப் பொறுப்பு இயந்திரத்திடமன்று, ஏவுவோரிடமே உளது என உணர்வது கல்வியின் பயனாகும்.

பாக்குநீரிணைக்கு அப்பால் இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம், சென்னைத் தொழினுட்பக் கழகத்தில் மாணவராயிருந்தபோது, தாழப் பறந்து தாக்கும் விமானமொன்றின் வரைபடத்தை நண்பர் நால்வருடன் வகுத்தார். முதல் வரைவிற் குறைகண்ட பேராசிரியர் மூன்று நாளே தவணை கொடுத்தார். கலாம் உறக்கம் துறந்து வரைபலகையருகே இருந்து முடித்தார். நம் விமானத்தை நாமே செய்வோம் எனத் தமிழில் எழுதிய கட்டுரைக்காகத் தேவன் கையாற் பரிசும் பெற்றார். அவர் 2012 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து மாணவரிடையே உரையாற்றியமை பலர் நினைவில் இருக்கும்.

கத்தரிக்கோலும் அடிமட்டமும் பசையும் எல்லார்க்கும் எளியன. பொறுமை ஒன்றே அரியது. அதனைக் கைவரப் பெற்ற மாணவன், கோணலற்ற ஒரு விமானத்தை மேசைமீது நிறுத்தும் நாளில், கணிதம் தனக்குப் பகையன்று என்பதையும் உடன் அறிவான்.