பச்சை ஆமையும் பொய் வேகமும்

வில்லரே, மொன்றியல்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றில் பங்கு வாங்கிக்கொண்டு தனிக் கணினி போலவே இயங்குவது மெய்நிகர் கணினி. 1999இல் விஎம்வேர் இதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2007இல் இதே வேலையைச் செய்யும் வர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூலமாக வெளிவந்தது. அதே ஆண்டு கேவிஎம் என்ற மெய்நிகர் கணினி வசதி லினக்ஸின் கருவிலேயே சேர்ந்தது.

இவற்றில் எது வேகமானது? வெறும் கணக்குப் போடும் வேலையில் பெரிய வேறுபாடு தெரியாது. 2005இல் இன்டெல்லும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் மெய்நிகர் கணினிக்கென்றே செயலியில் வசதி வைத்தன; உள்ளே ஓடும் நிரலின் பெரும்பாலான கட்டளைகளைச் செயலி நேரடியாகவே நிறைவேற்றுகிறது. வட்டு, வலையமைப்பு, திரை என்று வெளியே கை நீட்டும்போதுதான் கட்டுப்பாடு மெய்நிகர் கணினியை நடத்தும் மேற்பார்வை மென்பொருளுக்குப் போய்த் திரும்புகிறது. அந்தப் போக்குவரத்துக்கே நேரம் செலவாகிறது.

வட்டுச் சோதனைதான் அதிகம் ஏமாற்றும். மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் லினக்ஸ் ஒரு கோப்பை எழுதி முடித்துவிட்டதாகச் சொல்லும். வெளியிலுள்ள இயங்குதளமோ அதை இன்னும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும். மெய்நிகர் வட்டு அசல் வட்டைவிட வேகமாக எழுதுகிறது என்று முடிவு வந்தால், அளக்கப்பட்டது வட்டே அல்ல. அந்த நொடியில் மின்சாரம் நின்றால் கோப்பும் போய்விடும். ஒப்பிடும் இரு மென்பொருள்களிலும் இந்த இடைத்தேக்க அமைப்பை ஒன்றாக்காமல் எண்களை அருகருகே வைப்பது தவறு.

விண்டோஸில் இன்னொரு சிக்கல். விண்டோஸின் சொந்த மேற்பார்வை மென்பொருளான ஹைப்பர்-வி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் வர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடிப்பட்டையில் சின்னப் பச்சை ஆமை தோன்றும். செயலியின் வசதி நேரே கிடைக்காமல் ஹைப்பர்-வி வழியாகக் கிடைக்கிறது என்பது அதன் பொருள். ஆமை இருக்கும்போது எடுத்த அளவை வர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான வேகம் என்று எழுதுவது நியாயமல்ல.

மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தையும் முழுக்க நம்ப முடியாது. மெய்நிகர் கணினி சற்று நிறுத்திவைக்கப்பட்டால் அந்தக் கடிகாரம் பின்தங்கக்கூடும். நேரத்தை வெளியிலிருந்து அளப்பதே சரி. ஒப்பிடும் ஒவ்வொன்றுக்கும் அதே இயங்குதளம், அதே நினைவகம், அதே எண்ணிக்கையில் செயலிக் கருக்கள், குறைந்தது ஐந்து ஓட்டம் வேண்டும்.

நேரம் எங்கே போகிறது என்று பார்க்கும் கருவி ஒன்று மொன்றியலிலேயே பிறந்தது. வில்லரேயின் ஜான்-தலோன் நிலையத்தில் நீல வழி மெட்ரோ ஏறினால் ஆறாவது நிலையம் பொலிடெக்னிக் கல்லூரிக்கு அருகில் உள்ளது. அந்தக் கல்லூரியில் மத்தியூ தெனுவாயே, பேராசிரியர் மிஷல் தஜெனே ஆகியோரின் உழைப்பில் உருவானது எல்டிடிஎன்ஜி. லினக்ஸ் கருவுக்குள் நடப்பவற்றை நேரக்குறியோடு பதிவது அதன் வேலை. கேவிஎம்மில் மெய்நிகர் கணினி எப்போது வெளியே வந்தது, எதற்காக, எப்போது திரும்பியது என்பதெல்லாம் அந்தப் பதிவில் வரிவரியாகக் கிடைக்கும்.

அன்புடன்,
அண்ணா