பவளத் தொட்டியில் புழுவா?

கடல்நீர்த் தொட்டியில் நீங்கள் விடாத புழு தெரிந்தால், பெரும்பாலும் அது சிற்றுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறையோடு வந்ததுதான். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் குட்டி வெண்சுருள் குழாய்கள் தீங்கற்றவை. இருபுறமும் முள்மயிர் உள்ள இளஞ்சிவப்புப் புழு பெரும்பாலும் மிச்ச இரையைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்வது. தயவுசெய்து அதைக் கொல்லாதீர்கள். வெறுங்கையால் தொடவும் கூடாது. முள் தைத்தால் செலோடேப்பை ஒட்டி இழுத்தெடுங்கள்.

தலையில் ஐந்து உணர்கொம்புகள் உள்ள நீளப்புழு வேறு ரகம். அந்த ரகத்தில் சில பவளத்தையும் மீனையும் கடிக்கும். அதைப் பாறையோடு வேறு வாளிக்கு மாற்றிப் பிடியுங்கள். துருநிறத் தட்டைப்புழுக்கள் பெருகினால், மருந்து போடுமுன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். மொத்தமாகச் செத்தால் அவற்றின் நஞ்சு மீன்களைக் கொல்லக்கூடும். முள்மயிர்ப் புழுக்கள் திடீரெனப் பெருகினால், இரை போடுவதைக் குறையுங்கள்.