இணையக் கடையின் மெனு: விற்பனை பெருக ஐந்து குறிப்புகள்

இரும்பை என்னும் ஊரை அடுத்துள்ள, 1968-இல் நிறுவப்பட்ட ஆரோவில்லில் உருவாகும் ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, கைவினைத் தாள் போன்றவை இணையத்திலும் விற்கப்படுவதால், பிரிவுகளை வரிசையாகக் காட்டி வாங்குபவரைப் பொருளிடம் சேர்க்கும் மெனுவைச் செம்மையாக அமைப்பது இப்பகுதியின் சிறு உற்பத்தியாளர்களுக்கு இன்றியமையாததாகும்.

● பெயர்: வெளியூரார் பட்டறையின் பெயரை அறியமாட்டார் என்பதால், பிரிவுகளுக்கு ‘ஊதுபத்தி’, ‘உப்பு’ எனப் பொருளின் பெயரையே இடுதல் வேண்டும்.

● அடுக்கு: முதன்மைப் பிரிவுகளைச் சிலவாகச் சுருக்கி, ‘உப்பு’ என்பதன் கீழ்க் கல்லுப்பு, தூளுப்பு எனப் பிரித்துக் காட்டினால், இப்பகுதியின் மரக்காணத்தில் விளையும் உப்பைத் தேடுபவர் இரண்டே தொடுதலில் அதனை அடைவார்.

● இரட்டை வழி: ஒரே ஊதுபத்தியைப் பூசைக்கு வாங்குபவரும் பரிசாக வாங்குபவரும் உண்டாதலால், ‘பூசைப் பொருள்கள்’, ‘பரிசுப் பொருள்கள்’ ஆகிய இரு பிரிவுகளிலும் அதனை இடம்பெறச் செய்யலாம்.

● வடிகட்டி: விலை, மணம், எடை ஆகியவற்றைக் கொண்டு பட்டியலைச் சுருக்கிக் காட்டும் இவ்வசதியை, பொருள்கள் மிகுந்த பிரிவுகளில் தவறாமல் சேர்த்தல் நலம்.

● கைப்பேசி: சிறிய திரையில் மெனு மூன்று கோடுகள் கொண்ட குறிக்குள் மறைந்துவிடுவதால், தேடல் பெட்டியையும் கூடைக் குறியையும் எப்போதும் வெளியே தெரியும்படி வைத்தல் வேண்டும்.

மெனுவை வெளியிடுமுன், பொருள்களின் பெயர்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, கடைக்குத் தொடர்பில்லாத சிலரிடம் தந்து, அவர்கள் எவற்றை ஒன்றுசேர்க்கிறார்கள் என்று கவனித்து அதன்படி பிரிவுகளைத் திருத்துவது, செலவின்றிப் பெரும்பயன் தரும் சோதனையாகும்.