கடல்மேல் பழி போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. "உப்புத்தண்ணி பட்டுப் பட்டே படகோட பின்பலகை இத்துப்போச்சு சார், எபாக்ஸி ஊத்தினா சரியாயிடுமா?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வியின் முதல் பாதியும் தப்பு, இரண்டாம் பாதியும் தப்பு. இரண்டாம் பாதி கடைக்காரர் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும், மன்னிக்கலாம். தாவரவியல் படித்த பிள்ளை முதலாவதை எழுதலாமா?

மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அதற்குப் பிழைப்பில்லை. மரம் நீரூறி, காற்றுக்கு இடமில்லாமல் மூழ்கிக் கிடந்தாலும் பிழைப்பில்லை. நனைந்தும் காயாமலும் நடுவே கிடக்கிற மரத்தில்தான் அது குடித்தனம் நடத்தும். உப்பும் அதற்கு ஆகாது. அமெரிக்கக் கீழைக்கரையில் மரக்கப்பல் கட்டியவர்கள் சட்டங்களின் இடுக்கில் உப்பைக் கொட்டி நிரப்பியது அதனால்தான். நீ அனுப்பிய படங்களையே இன்னொரு தரம் பார். கடலைத் தொடும் அடிப்பலகை திடமாக இருக்கிறது. இற்றுப்போனவை பின்பலகையின் மேல்விளிம்பும், மூடி அடைத்த இருக்கைப் பெட்டியின் உள்மூலையும். இரண்டிலும் தேங்கியது மழைநீர்.

என்னிடம் படித்தவர்களுக்கு வாசா கப்பலின் கதை அலுத்திருக்கும். உனக்குச் சொன்னேனா தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். 1628-இல் ஸ்வீடன் மன்னரின் போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள் கவிழ்ந்து மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து, 1961-இல் தூக்கினார்கள். உடற்பகுதி ஏறக்குறைய முழுசாக வந்தது. ஆண்டர்ஸ் ஃப்ரான்சேன் என்பவர் அதைத் தேடப் புறப்பட்டதற்குக் காரணமே ஓர் உயிரியல் செய்திதான். மரக்கப்பல்களைத் துளைத்துச் சல்லடையாக்கும் கப்பல் புழு, பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம், உப்புக் குறைந்த பால்டிக் கடலில் பிழைக்காது. ஆகவே அங்கே மூழ்கிய கப்பல் அப்படியே இருக்கும் என்று கணக்குப் போட்டார், 1956-இல் கண்டுபிடித்தார். தொல்லை தொடங்கியது தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகுதான். காய்ந்தால் வெடித்துவிடும் என்று 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைக்காலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். தூக்கியபின் மாட்டிய இரும்பு போல்ட்டுகள் துருப்பிடிக்க, 5,000-க்கும் மேற்பட்டவற்றைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்ற வேண்டிவந்தது. உன் படகில் சாதா இரும்பு ஸ்க்ரூ இருக்கிறது. படத்திலேயே துரு தெரிகிறது. எல்லாவற்றையும் கழற்று.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டு. நல்ல மரம் கணீரென்னும், இற்றது 'பொத் பொத்' என்னும். சந்தேகமான இடத்தில் குத்தூசியால் குத்து. நல்ல மரம் தெரிந்த பிறகும் நாலு விரல் தள்ளியே வெட்டு. பூஞ்சையின் இழை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஓடியிருக்கும். இற்ற மரத்தின்மேல் ஊற்றும் எபாக்ஸி மேல்தோலைக் கெட்டியாக்கி, ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிடும். அதற்குப் பெயர் பழுதுபார்ப்பா?

பிறகு காயவிடு. வெட்டிய விளிம்பருகே ஒரு சில்லை எடுத்துப் படகுக்குள்ளேயே வைத்துத் தினமும் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்; எடை இறங்குவது நிற்கும்வரை பசையைத் திறக்காதே. ஒட்டுப் போடும் பலகையையும் பழைய பலகையின் விளிம்பையும் 1-க்கு 8 என்ற சரிவில் இழைத்து ஏற்றி ஒட்டு: 6 மில்லிமீட்டர் ப்ளைவுட்டுக்குச் சரிவு 48 மில்லிமீட்டர். பலகை ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட்டாக இருக்கட்டும். ஃபைபர் கடையில் மலிவாகத் தரும் பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் நிலைத்துப் பிடிக்காது. நல்ல மரத்தை ஒட்ட எபாக்ஸிதான். அதில் ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பவன் பேச்சைக் கேட்காதே. அளவு தப்பினால் ஒருநாளும் சரியாக இறுகாது.

வாளால் அறுத்த முனைகள்தான் ப்ளைவுட்டின் வாய், தண்ணீர் அங்கேதான் ஏறும். அவற்றுக்கு வெயில் இறங்கும் மாலையில் எபாக்ஸி பூசு. சூடேறும் காலையில் மரத்திலுள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழியிடும். குளிரும் வேளையில் அதே காற்று சுருங்கிப் பசையை உள்ளே இழுக்கும். ஸ்க்ரூத் துளைகளைப் பெரிதாக்கி, எபாக்ஸி நிரப்பி, இறுகியபின் மறுபடி துளையிடு.

கடைசியாக, இருக்கைப் பெட்டிக்குத் திறக்கக்கூடிய ஒரு மூடியும் அடியில் ஒரு வடிதுளையும் வை. கிழக்குக்கரைக் கட்டுமரக்காரர்கள் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். எந்தக் கல்லூரியும் அவர்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. நீ படகைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டிவிட்டுப் பாதுகாத்ததாக நினைத்தாய். பூஞ்சைக்குக் கூரை போட்டுக் கொடுத்திருக்கிறாய்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதை முடி. மழைக்காலத்தில் படகைக் கவிழ்த்து, அடியில் கட்டை கொடுத்து, காற்றோட்டமாக வை. அடுத்த கடிதத்தில் எபாக்ஸி விலை வேண்டாம். தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்று கண்டுபிடித்து எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்