கோடிட்ட இடத்தில் சரியான சொல்: குரூப் 4 தமிழுக்கு ஒரு பயிற்சி முறை

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். இதில் 100 வினாக்கள் தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வுக்கு உரியவை. அந்தப் பகுதியின் 150 மதிப்பெண்களில் 60 எடுக்காதவரின் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. பொது அறிவிலும் கணக்கிலும் எவ்வளவு உழைத்திருந்தாலும் பயனில்லாமல் போய்விடும். தாய்மொழிதானே என்று தமிழைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பவர்கள் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பகுதியில் மதிப்பெண் சிந்தும் இடங்களில் ஒன்று, வாக்கியத்தின் நடுவே கோடிட்டு, பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்கள். ஒலி வேறுபாடு, இணைப்புச் சொல், தன்வினை–பிறவினை, மரபுச் சொல் எனப் பல வடிவங்களில் இவை வரும். பலர் ‘இரங்கு – பரிவு கொள், இறங்கு – கீழே வா’ என்று பட்டியல் போட்டு உருப்போடுகிறார்கள். தேர்வறையிலோ பட்டியல் வருவதில்லை, வாக்கியம்தான் வருகிறது. சொல்லை வாக்கியத்தோடு பழகியவருக்கு அங்கே தடுமாற்றம் இருக்காது. அந்தப் பழக்கத்தைப் படிப்படியாக வளர்த்துக்கொள்ளும் வழியைப் பார்ப்போம்.

படி 1: படிக்கும் பொருளை முடிவு செய்யுங்கள்

மூன்று போதும். முதலாவது, 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்கள். செய்யுளுக்கும் உரைநடைக்கும் பின்னால் வரும் ‘மொழியை ஆள்வோம்’, ‘மொழியோடு விளையாடு’ போன்ற பயிற்சிப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இரண்டாவது, நாளுக்கு ஒரு தலையங்கம். மூன்றாவது, தேர்வாணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும் பழைய வினாத்தாள்கள்.

அகராதி என்றால், 1992இல் முதற்பதிப்பு கண்ட ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யைப் பரிந்துரைப்பேன். பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் அது தருகிறது. நமக்கு வேண்டியதும் அந்த வாக்கியங்களே. வாங்க வசதியில்லாதவர்கள் அருகிலுள்ள நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

படி 2: சொல்லை அதன் துணைகளோடு எழுதுங்கள்

குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு மூன்று வரி ஒதுக்குங்கள். முதல் வரியில் நீங்கள் படித்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். இரண்டாம் வரியில், அச்சொல்லுக்கு முன் எந்த வேற்றுமை உருபு வருகிறது என்று குறியுங்கள். மூன்றாம் வரி உங்கள் சொந்த வாக்கியம்.

‘துயருக்கு இரங்கினாள்’, ‘பேருந்திலிருந்து இறங்கினாள்’ என்று எழுதிப் பாருங்கள். ‘கு’ உருபு ஒன்றையும் ‘இலிருந்து’ மற்றொன்றையும் அழைத்து வருகின்றன. இனி ‘ஏழையின் துன்பத்துக்கு மனம் ______’ என்று கேட்டால், ரகரமா றகரமா என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ‘துன்பத்துக்கு’ என்ற சொல்லே விடையைக் காட்டிவிடும். கரை–கறை, அரை–அறை, அலை–அளை–அழை என எல்லா ஒலி இணைகளையும் இப்படியே எழுதிப் பழகுங்கள்.

படி 3: விடைகளை மூடிவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள்

வினாவைப் பார்த்ததும் கண் நேராக (அ), (ஆ), (இ), (ஈ)க்குத் தாவும். தவறு தொடங்குவது அங்கேதான். நான்கும் பழக்கமான சொற்கள் என்பதால் நான்குமே சரிபோலத் தோன்றும். ஆகவே விடைகளைக் கையால் மூடிக்கொண்டு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படியுங்கள். கோட்டில் உங்களுக்குத் தோன்றும் சொல்லை மனத்தில் இட்டுக்கொண்டு, அதன் பிறகு கையை எடுங்கள். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். பாதியில் நிறுத்தினால் துப்பில் பாதி போய்விடும்.

படி 4: மூன்று சோதனைகள் செய்யுங்கள்

இந்தப் பயிற்சியின் உயிர்நாடி இதுதான். நிரப்பிய சொல்லை இலக்கணம், கருத்து, மரபு என்ற மூன்றாலும் சோதிக்க வேண்டும்.

இலக்கணச் சோதனை: ‘எங்கள் ஊர் எல்லையில் ஓர் ______ இருக்கிறது.’ விடைகள்: குளம், கிணறு, ஏரி, வாய்க்கால். பொருளைப் பார்த்தால் நான்கும் பொருந்தும். ஆனால் ‘ஓர்’ உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லின் முன் வருவது. ஆகவே ‘ஏரி’ மட்டுமே விடை.

இன்னொன்று: ‘குழந்தை மணலைக் ______ விளையாடியது.’ குவிந்தா, குவித்தா? ‘மணலை’ என்பதில் உள்ள ‘ஐ’ உருபைக் கவனியுங்கள். மணல் செயப்படுபொருளாக நிற்பதால் ‘குவித்து’ என்பதே சரி. ‘காற்றில் மணல் ______ கிடந்தது’ என்று வந்தால் ‘குவிந்து’. சேர்ந்து–சேர்த்து போன்ற இணைகளுக்கும் இதே வழிதான்.

கருத்துச் சோதனை: ‘மழை பொய்த்தது, ______ ஏரியில் நீர் குறையவில்லை.’ விடைகள்: எனவே, ஆனாலும், ஏனெனில், அல்லது. மழை பொய்த்தால் நீர் குறைவது இயல்பு. இங்கே குறையவில்லை, எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்திருக்கிறது. ஆகவே ‘ஆனாலும்’. வாக்கியத்தின் பின்பாதியை ‘ஏரி வற்றியது’ என்று மாற்றுங்கள், விடை ‘எனவே’ ஆகிவிடும். இரண்டு பாதிகளையும் இடம் மாற்றி ‘ஏரி வற்றியது, ______ மழை பொய்த்துவிட்டது’ என்று எழுதினால் ‘ஏனெனில்’. ஒரே செய்தியை இப்படி மூன்று விதமாகத் திருப்பி எழுதிப் பழகினால் இணைப்புச் சொற்கள் கைவசமாகிவிடும். காரணம் முதலில் நிற்கிறதா, விளைவு முதலில் நிற்கிறதா, இரண்டும் முரண்படுகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மரபுச் சோதனை: பானையை வனைவார்கள், கூடையை முடைவார்கள், ஆடையை நெய்வார்கள், சுவரை எழுப்புவார்கள். எல்லாவற்றுக்கும் ‘செய்தார்’ என்று போட்டாலும் பொருள் புரியும், ஆனால் மரபு வினாவுக்கு அது விடையாகாது. இன்றைய உரைநடைக்கும் இப்படி ஒரு மரபு உண்டு. சட்டம் இயற்றுவது சட்டமன்றம், ஆணை பிறப்பிப்பது அரசு, தீர்ப்பு வழங்குவது நீதிமன்றம். தடையை விதிப்பார்கள், தீர்மானத்தை நிறைவேற்றுவார்கள், கோரிக்கையை விடுப்பார்கள். தலையங்கம் படிக்கும்போது இந்தப் பெயர்–வினை இணைகளை அடிக்கோடிட்டுக்கொண்டே போங்கள். அரசுப் பணியில் சேர்ந்த பிறகு கோப்பு எழுதும்போதும் இவையே உங்களுக்குக் கைகொடுக்கும்.

படி 5: வினாத்தாளை நீங்களே தயாரியுங்கள்

விடுபட்ட சொல்லை நிரப்பச் சொல்லிச் சோதிப்பது பழைய முறை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ், பிரெஸ்லாவ் நகரப் பள்ளி மாணவர்களுக்கு வைத்த நிரப்புத் தேர்வைப் பற்றி 1897இல் எழுதினார். 1953இல் அமெரிக்கரான வில்சன் டெய்லர், ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கி நிரப்பச் சொல்லும் ‘குளோஸ்’ முறையை அறிமுகப்படுத்தினார். ஒரு பத்தி எவ்வளவு எளிதாக வாசிக்கத்தக்கது என்பதை அளக்க அவர் அதைப் பயன்படுத்தினார்.

நமக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளலாம். ஒரு தலையங்கப் பத்தியை எடுத்துக்கொண்டு, முதல் நாள் வினைச்சொற்களை மட்டும் கோடாக்கி எழுதுங்கள். அடுத்த நாள் வேறொரு பத்தியில் இணைப்புச் சொற்களையும், மூன்றாம் நாள் ர–ற, ல–ள–ழ, ந–ன–ண வரும் சொற்களையும் கோடாக்குங்கள். ஒரு நாள் விட்டு, மூலத்தைப் பார்க்காமல் நிரப்புங்கள்.

அதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று தவறான விடைகளையும் நீங்களே எழுதுங்கள். ஒன்று இலக்கணத்தில் பிசக வேண்டும், ஒன்று கருத்தில், ஒன்று மரபில். தவறான விடையை உருவாக்கத் தெரிந்தவர், தேர்வுத்தாளில் அப்படி ஒன்று வரும்போது எளிதில் அடையாளம் கண்டுகொள்வார். சேர்ந்து படிக்கும் நண்பர் இருந்தால் தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 6: பிழையின் காரணத்தை எழுதுங்கள்

தவறிய வினாவின் சரியான விடையை மட்டும் குறித்துவைப்பது போதாது. உருபைக் கவனிக்கவில்லையா, இணைப்புச் சொல்லில் சறுக்கலா, மரபு தெரியவில்லையா, எழுத்துக் குழப்பமா, சொல்லின் பொருளே தெரியவில்லையா? ஐந்தில் எது என்று எழுதுங்கள். சில வாரங்களில் உங்கள் பிழைகளில் பெரும்பாலானவை ஓரிரு காரணங்களில் வந்து குவிவதைப் பார்ப்பீர்கள். அதன் பிறகு உழைப்பை அங்கே செலுத்தலாம்.

எழுதிய குறிப்பை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்ற இடைவெளிகளில் திரும்பப் பாருங்கள். பார்ப்பது என்றால் வெறுமனே வாசிப்பது அல்ல. சொல்லை மறைத்துக்கொண்டு, வாக்கியத்தைப் படித்துச் சொல்லை வரவழைக்க வேண்டும்.

படி 7: கடிகாரத்தோடு பழகுங்கள்

180 நிமிடத்தில் 200 வினாக்கள் என்றால் ஒரு வினாவுக்கு 54 விநாடிகள். கணக்கு வினாக்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். ஆகவே கோடிட்ட இட வினாவை 30 விநாடிக்குள் முடிக்கப் பழகுங்கள். தொடக்கத்தில் நேரம் பார்க்காமல் மூன்று சோதனைகளையும் பொறுமையாகச் செய்யுங்கள். அது கைக்கு வந்த பிறகு, வாரம் ஒரு பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. இரண்டு விடைகளை நீக்க முடிந்தாலே மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம்.

வாராந்திர வினாத்தாள் நீங்கலாக, இதற்கெல்லாம் நாளொன்றுக்கு 40 நிமிடம் போதும்: தலையங்கத்துக்கும் குறிப்புக்கும் 20, சொந்த வினா தயாரிக்க 10, பழைய குறிப்புகளுக்கு 10. பயிற்சி மையத்துக்குக் கட்டணம் கட்ட முடியாதவரும், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவரும், பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு புத்தகத்தைத் திறப்பவரும் இதைச் செய்ய முடியும். பாடநூலும் பழைய வினாத்தாளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்றைய நாளிதழிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, ஐந்து சொற்களைக் கோடாக்கி எழுதுங்கள். நாளை மறுநாள் அதை நிரப்பிவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள்.