ஊசி போட்டால் காய்ச்சல் ஏன் வருது? – பிளேக் காலம் சொல்லும் பாடம்



போன மாதம் குழுக் கூட்டம் முடிந்ததும், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு சகோதரி சொன்னார்: "குழந்தைக்கு ரெண்டரை மாசத்து ஊசி போட்டனுங்க. ராத்திரி பூரா காய்ச்சல், ஒரே அழுகை. ரெண்டு நாள் வேலைக்குப் போகல, சம்பளமும் போச்சு. நல்லா இருந்த குழந்தைக்கு எதுக்குங்க ஊசி? அடுத்த ஊசிக்கு நான் போகலீங்க."

இந்தக் கேள்வி புதிது இல்லை. நூறு வருடத்துக்கு முன் பிளேக் ஊசி வந்தபோதும் மக்கள் இப்படித்தான் பயந்தார்கள். அந்தக் கதையை இந்த மாதப் பாடமாகப் படிப்போம். ஊக்குநர்கள் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டவும்.

1. கொள்ளை நோய் வந்த கதை

பிளேக் எலிகளுக்கு வரும் நோய். எலி செத்ததும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடிக்கும். கடும் காய்ச்சல் வரும், தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும். அந்தக் காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

1896ல் பம்பாயில் பரவிய இந்த நோய் பிறகு நம் பக்கமும் வந்தது. அப்போது திருப்பூர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கோயம்புத்தூர் நகரில் 1901ல் சுமார் 53,000 பேர் இருந்தார்கள். 1911ல் சுமார் 47,000 பேர்தான். ஊர் வளர வேண்டிய காலத்தில் குறைந்ததற்கு பிளேக் ஒரு முக்கியக் காரணம். கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயத்தின் அடையாளம்தான் அவை.

2. ஊசி வந்தது

ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பம்பாயில் பிளேக் கிருமியை வளர்த்து, சூடேற்றிக் கொன்று, தடுப்பூசி செய்தார். 1897 ஜனவரி 10ம் தேதி முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். அவருக்கும் காய்ச்சல் வந்தது!

அதே மாதம் பைகுல்லா சிறையில் பிளேக் பரவியது. விருப்பப்பட்ட கைதிகளுக்கு ஊசி போட்டார்கள். ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேருக்குத்தான் வந்தது. அவர்களும் பிழைத்தார்கள்.

3. உடம்பு எப்படிப் பாடம் படிக்கிறது?

நம்ம ஊர் வேலையை வைத்தே புரிந்துகொள்ளலாம். புது ஆர்டர் வருமுன் கம்பெனிக்கு சாம்பிள் பீஸ் வரும். அதைத் தைத்துப் பார்க்கும்போது டெய்லருக்கு நேரம் பிடிக்கும், தடுமாற்றம் இருக்கும். கை பழகிவிட்டால், பெரிய ஆர்டர் வரும்போது மளமளவென்று தைத்துவிடுவார்.

செத்த கிருமி அந்த சாம்பிள் மாதிரி. அதனால் நோய் தர முடியாது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அதைப் பார்த்து, எதிர்ப்புப் பொருள் செய்யப் பழகுகின்றன. அந்த வேலை நடக்கும்போதுதான் காய்ச்சலும் வலியும் வருகிறது. சில அணுக்கள் அந்தக் கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்ளும். நிஜக் கிருமி வந்தால் உடனே அடிக்கும்.

காய்ச்சல் வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. சிலருக்கு வரும், சிலருக்கு வராது.

4. ஊசிக்கும் எல்லை உண்டு

எதிர்ப்பு சக்தி உருவாகச் சில நாட்கள் ஆகும். ஊசி போடும்போதே கிருமி உடம்பில் இருந்தவர்களுக்கு நோய் வந்துவிட்டது. அதைப் பார்த்தவர்கள் "ஊசியாலதான் வந்தது" என்று நினைக்க இடம் வந்தது. பிளேக் ஊசியின் பாதுகாப்பு சில மாதங்கள்தான் நின்றது. நோய் திரும்பத் திரும்ப வரும் ஊர்களில் மறுபடியும் போட வேண்டியிருந்தது. நுரையீரலைத் தாக்கும் பிளேக்கை அது சரியாகத் தடுக்கவும் இல்லை.

1902ல் பஞ்சாபில் மல்கோவால் கிராமத்தில் ஒரு சோகம் நடந்தது. 107 பேருக்கு ஊசி போட்டதில், ஒரே பாட்டிலில் இருந்து போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது, வேலையும் போனது. பாட்டிலைத் திறக்கும்போது சுத்தம் பார்க்காததே காரணமாக இருக்கலாம் என்று பின்னர் விளங்கியது. 1907ல் அவர் மேல் இருந்த பழி நீங்கியது. 1925ல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள். புது சிரிஞ்சைப் பிரித்துப் போடுகிறார்களா என்று நாம் கவனிப்பது இதனால்தான். கேட்பதில் தப்பே இல்லை.

5. இன்று பிளேக் உண்டா?

1994ல் சூரத்திலும், 2002ல் இமாசலத்திலும், 2004ல் உத்தராகண்டிலும் வந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சேரும் எல்லைப் பகுதியில் எலிகளின் ரத்தத்தை எடுத்து, பிளேக் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று இன்றும் பார்க்கிறார்கள். பொதுமக்களுக்கு இப்போது பிளேக் ஊசி போடுவதில்லை. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்திலேயே குணமாகும். வீட்டிலோ குடோனிலோ எலிகள் மொத்தமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

6. நம் குழந்தைக்கு

6, 10, 14 வாரத்தில் போடும் ஊசி கக்குவான், டெட்டனஸ், தொண்டை அடைப்பான் உள்பட ஐந்து நோய்களைத் தடுக்கிறது. ஒரு சாம்பிளில் கை பழகாது. அதனால்தான் மூன்று முறை, பிறகு ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் மறுபடியும். இடையில் விட்டுப்போயிருந்தால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம். விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

காய்ச்சலுக்கு நர்ஸ் சொன்ன அளவு மருந்து கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சல், ஜன்னி, மூன்று மணி நேரம் நிற்காத அழுகை இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தச் சகோதரியின் சம்பளம் போனதும் உண்மைதான். அவர் குழு ஒரு முடிவு எடுத்தது. ஊசி நாளன்று பக்கத்து வீட்டு உறுப்பினர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், முறை வைத்து. அவர் மூன்றாவது ஊசி போட்டுவிட்டு வந்தார்.

கூட்டத்தில் பேச:
• நம் குழுவில் எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி இருக்கிறது? அட்டையை எடுத்து வந்து பாருங்கள்.
• ஊசி போட்ட மறுநாள் வேலைக்குப் போகும் தாய்க்கு நாம் எப்படித் துணை நிற்கலாம்?