மழைக்கு எதுகை

பெருமாள் திருவீதி எழுந்தருளும் உத்ஸவ காலங்களில் பஜனை கோஷ்டியைச் சேர்ந்த அன்பர்கள் தாமே பாட்டுக் கட்டிப் பாடுவதுண்டு. மழை வேண்டிப் பாடப் புகுவோர் பலர், முதலடியை 'மழை' என்றே தொடங்கிவிட்டு, அடுத்த அடிக்கு எதுகை அகப்படாமல் திகைத்து நிற்பர்.

எதுகையாவது, அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. முதலெழுத்தும் குறிலுக்குக் குறிலாகவும், நெடிலுக்கு நெடிலாகவும் அளவொத்து நிற்றல் வேண்டும். ஆகவே மழைக்குத் தழை, கழை, உழை, குழை, இழை, பிழை என்பன எதுகையாம், வாழை ஆகாது. வயலிலே மழைக்கும் வாழைக்கும் எத்தனை உறவிருப்பினும், யாப்பிலே அவற்றுக்கு மோனையுறவே உண்டு. மகரமும் வகரமும் மோனைக்கு இனமாதலின்.

மேற்சொன்னவற்றுள் கழை மூங்கில், உழை மான் என்பதைப் பலர் மறந்தனர். எளிதில் நாவில் வருவது பிழை ஒன்றே. அதனை வைத்த மாத்திரத்தில், மழை கேட்க வந்த பாட்டு அபராத க்ஷமாபணமாக மாறிவிடுகிறது! அடியார் எண்ணியது ஒன்று, எதுகை இழுத்துச் சென்ற இடம் வேறொன்று.

இதற்கு வழி, திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் இருக்கிறது. பர்ஜன்ய தேவதையை நோக்கி மழை பெய்யச் சொல்லும் அப்பாசுரத்தில், மழை என்னும் சொல் எந்த அடியின் தலையிலும் இல்லை. நாச்சியார் அதனை இரண்டாம் இடத்தில் வைத்து, ஆழி என்பதைத் தலையில் நிறுத்தினார். அதனால் ஊழி, பாழி, தாழாதே, வாழ என நெடிலில் தொடங்கும் சொற்கள் வந்து சேர்ந்தன. ழி என்பது ழா, ழ என உயிர் மாறி வருவதும் இலக்கணம் ஒப்பியதே. வருக்க எதுகை என்பர்.

ஆழி மட்டும் மூன்று அடிகளுக்குத் தலையாக வருகிறது. முதலடியில் மழைக்கு அடைமொழி. இரண்டாமடியில் மேகம் புகுந்து நீர் முகக்கும் கடல். ஐந்தாமடியில் மின்னலுக்கு உவமையான திருச்சக்கரம். வடமொழி அலங்கார நூலார் யமகம் என்றும், தமிழர் மடக்கு என்றும் கூறும் அணியின் சாயல் இது. வடமொழி விருத்தங்களில் குரு லகுக் கணக்கே பிரதானம். இரண்டாம் எழுத்து ஒன்றவேண்டும் என்னும் நியதி இல்லை. காவியம் மட்டும் பயின்றவர் இந்த அழகைக் கவனியாமலே பாசுரத்தைக் கடந்துவிடக் கூடும்.

ஒவ்வோர் எதுகைச் சொல்லும் இங்கே மழைக்கு ஒரு வேலை செய்கிறது. கடல் நீர் தருகிறது, ஊழி முதல்வனின் திருமேனி மேகத்துக்குக் கருமை தருகிறது, சக்கரம் மின்னுகிறது, தாழாதே என்பது தாமதியாமல் பெய்க என்று விரைவுபடுத்துகிறது, வாழ என்பதோ பெய்வதன் பயனையே சொல்லிவிடுகிறது. ஓசைக்காக மட்டும் வந்த சொல் ஒன்றுமில்லை.

எட்டாமடியில் நோன்புக்குரிய மாதத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அங்கே எதுகையை நாச்சியார் விட்டுவிட்டார். ஆயினும் ஏழாமடித் தலையிலுள்ள வாழ என்பதற்கு மார்கழி என்பது இனமோனையாகிறது. பாசுரம் முழுவதிலும் உள்ள ழகரங்கள் 11. அவற்றுள் பத்தாவது, அந்த மார்கழிக்குள்ளேதான் இருக்கிறது.